வன்னிக் குளக்கிராமத்தின் ஓராண்டு

வன்னிக் கமக்காரரின் ஆண்டு சித்திரையிலே தொடங்குவதன்று. பஞ்சாங்கம் சித்திரை முதலாம் நாளையே வருடப் பிறப்பென வகுத்துள்ளது. வீடும் கோயிலும் அந்நாளைக் கொண்டாடுகின்றன. வயலின் கணக்கு வேறு. ஆவணி கழிந்து புரட்டாசி பிறக்கும் வேளையிற் குளங்கள் அடி தெரிய வற்றிக் கிடக்கும். மேய்ச்சல் நிலங்கள் கருகி, மாடுகள் சேறும் நீருமாக எஞ்சிய பள்ளங்களைச் சுற்றி நிற்கும். மாதக்கணக்காக வீசிய சோளகக் காற்றுத் தளர்ந்து, ஒருநாள் மாலையில் மேகம் திரண்டு இடி முழங்கும். முதியவர் ஒருவர் முற்றத்திலே வந்து நின்று வானத்தைப் பார்ப்பார். அன்றைக்கே அவ்வூருக்குப் புத்தாண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே, அனுராதபுரப் பகுதிக்கு வடக்கே பரந்து கிடக்கும் காட்டு நாடே வன்னி. இன்றைய கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களும் மன்னாரின் பெருநிலப் பகுதியும் அதனுள் அடங்குவன. இந்நாட்டின் மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு மனிதனும் மாடும் பயிரும் குடிப்பதற்கு அந்த மழையையே தேக்கி வைத்தல் வேண்டும். ஆண்டு முழுவதும் நீர் தரும் பேராறு இங்கு இல்லை. யாழ்ப்பாணத்தைப் போற் கிணற்று நீர் கொண்டு பெருங்கமம் செய்தலும் பண்டைக்காலத்தில் இயலாதிருந்தது. ஆகவே குளம் இருந்த இடத்தில் ஊர் இருந்தது. குளம் உடைந்த இடத்தில் ஊர் அழிந்தது. வன்னி ஊர்ப் பெயர்களிற் குளம், மடு, மோட்டை என்று முடிவன எத்தனை என்பதை வரைபடத்தை விரித்துப் பார்ப்போர் எளிதிற் காண்பர்.

இக்குளங்களை முதன்முதற் கட்டியோர் யாவர் என்பது ஆராய்ச்சியாளருக்குரிய வினா. பலவற்றின் அணைகள் மிகப் பழைமையானவை என்பதில் ஐயமில்லை. பின்னர் வன்னிமைகள் என்னும் குறுநில ஆட்சிகள் இங்கே நிலைத்தன. அவை போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தியும், வாய்ப்புக் கிடைத்தபோது செலுத்தாது மறுத்தும் வாழ்ந்தன. 1803ஆம் ஆண்டிலே பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அதே ஆண்டு ஐப்பசியிற் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையிடம் தோல்வியுற்றதும் யாவரும் அறிந்த சரித்திரம். ஆயினும் அரசர்களின் வரலாற்றிலே குளக்கட்டின் மேல் மண் சுமந்தவர்களுக்கு இடமில்லை. அவர்கள் ஆண்டு தோறும் செய்தவையும், அவற்றை எத்தகைய மகிழ்ச்சியோடு செய்தனர் என்பதுமே இங்குக் கூறப்படுவன.

குளக்கிராமம் ஒன்றின் அமைப்பு மிக எளியது. மேலே குளம், அதனைத் தாங்கி நிற்கும் மண்கட்டு, கட்டின் ஊடாக நீரை வெளியே விடும் துருசு, மிகுந்த நீர் வழிந்தோடுதற்கு ஓர் ஓரத்திலே வான், கட்டின் கீழே வயல்வெளி, வயலுக்கு அயலில் மேட்டிலே குடிமனைகள், சுற்றிலும் காடு. கட்டின் மேலோ மரநிழலிலோ ஐயனார் எழுந்தருளியிருப்பார். பல ஊர்களில் அவருக்குக் கோபுரமோ மண்டபமோ இருந்ததில்லை. ஒரு கல்லும் ஒரு சூலமும் போதுமானவையாக இருந்தன. வன்னிக்குத் தெற்கே உள்ள சிங்களக் குளக்கிராமங்களிலும் இதே அமைப்பே காணப்படும். அங்கும் குளக்கட்டைக் காக்கும் தெய்வம் ஐயநாயக்க என்ற பெயரோடு விளங்குகிறார். மொழியும் மதமும் வேறாயினும், மழையை எதிர்நோக்கி வாழ்ந்த இரு மக்களும் ஒரே காவலரிடம் நேர்த்தி வைத்திருக்கிறார்கள்.

மழைக்கு முன்னர் ஊரார் கூடிச் செய்யும் முதல் வேலை குளக்கட்டைத் திருத்துதலாகும். மாடுகள் ஏறி இறங்கிய இடங்களிற் கட்டுத் தேய்ந்திருக்கும், எலிகளும் நண்டுகளும் வளை தோண்டியிருக்கும், புற்றுகள் எழுந்திருக்கும். குளத்தின் கீழே எவருக்கு எவ்வளவு வயலுண்டோ, அந்த அளவுக்கு ஏற்பக் கட்டின் நீளமும் பங்கிடப்படும். பத்துப் பங்குக்காரருக்குப் பத்துப் பங்கு. ஒரு பங்குக்காரருக்கு ஒரு பங்கு. தம் பங்கைச் செய்து முடிக்காதவரின் வயலுக்கு வாய்க்கால் திறக்கப்படுவதில்லை. இவ்விதி கடுமையானதெனத் தோன்றலாம். ஆனால் ஒருவர் சோம்பிய இடத்திற் கட்டு உடைந்தால் அவருடைய வயல் மட்டுமா அழியும்? நீர் அவர் பெயரைக் கேட்டுப் பாய்வதில்லையே.

அந்நாட்களிற் காலையிலே மண்வெட்டியும் கடகமுமாக ஆண்கள் கட்டுக்கு வருவர். பெண்கள் மண்ணைச் சுமந்து கை மாற்றிக் கொடுப்பர். பிள்ளைகளுக்குப் புற்களைப் பிடுங்கும் வேலையும், வேலைக்கு இடையூறு செய்யும் வேலையும் உண்டு. நண்பகலில் மரநிழலிலே பெருங்கிடாரத்திற் காய்ச்சிய கஞ்சி பனையோலைப் பிளாவிலே வார்க்கப்படும். பச்சை மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் கடித்துக் கொண்டு அதனைக் குடித்தவர்களுக்கு, வீட்டில் உண்ட சோறு அத்துணை சுவையாக இருந்ததில்லை. கலியாணப் பேச்சுகள் பல அந்த மரநிழலிலே தொடங்கின. பழைய வழக்குகள் சில அங்கேயே தீர்ந்தன. புதியன சில அங்கேயே மூண்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வேலை மகிழ்ச்சியினால் மட்டும் நடந்ததென எண்ணுதல் தவறு. பழைய அரசர் காலம் முதல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் அதற்குப் பின்னே நின்றது. 1832ஆம் ஆண்டிலே, கோல்புறூக் ஆணைக்குழுவினரின் விசாரணையின் பயனாக, ஆங்கிலேய அரசாங்கம் இராசகாரியத்தை நீக்கியது. மனிதரை விலங்கு போல வேலை வாங்கும் அதிகாரம் ஒழிந்தது பெரிய நன்மையே; அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் அதிகாரிக்குச் செய்த ஊழியத்தோடு, ஊர் தனக்குத் தானே செய்துகொண்ட ஊழியத்துக்கும் சட்டத்தின் ஆதரவு அற்றுப் போயிற்று. வர விரும்பாதவனை வா என்று அழைக்க எவருக்கும் உரிமை இல்லாமற் போகவே, கட்டுகள் கவனிப்பாரற்றுத் தேய்ந்தன. ஒரு மாரியில் உடைந்த குளம் அடுத்த மாரிக்குள் அடைக்கப்படவில்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. காடு உள்ளே வந்தது. 1859இல் இலங்கையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட எமர்சன் ரெனற் இக்குளநாட்டின் பாழடைந்த நிலையை விரிவாக எழுதியிருக்கிறார்.

இத்தவற்றை அரசாங்கத்தார் சில ஆண்டுகளின் பின் உணர்ந்தனர். தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் ஊரார் கூடித் தம் பழைய வழக்கங்களை எடுத்துக் கூறவும், அவற்றையே விதிகளாக்கவும், நீர்ப்பாய்ச்சலை மேற்பார்க்க ஒரு விதானையைத் தெரிந்தெடுக்கவும் வழி செய்தது. இலங்கையில் ஆங்கிலேயர் இயற்றிய சட்டங்களுள், ஊரவனுக்கு எது தெரியும் என்று அவனையே கேட்ட சட்டங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

கட்டு வேலை முடிந்ததும் விதைப்பு. முதல் மழைக்கு முன்பே உழுது, காய்ந்த புழுதியில் நெல்லை வீசி விடுவர். இது புழுதி விதைப்பு எனப்படும். மழை சரியான நாளில் வந்தால் பயிர் முந்தி எழும்பும். வராவிட்டால் விதைநெல் குருவிக்கும் எறும்புக்கும் இரையாகும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், பெரியவெள்ளை முதலிய நெல்லினங்கள் அந்த நிலத்தையும் அந்தக் காத்திருப்பையும் பழகிக் கொண்டவை. பசளை மிகுதியாக வேண்டா; விளைச்சலும் மிகுதியன்று; ஆனால் வைக்கோல் நீளமாக இருக்கும், மாட்டுக்கும் கூரைக்கும் அது ஆகும்.

கார்த்திகையிலோ மார்கழியிலோ ஒரு விடியற்காலையிற் குளம் வான் பாயத் தொடங்கும். அவ்வோசை ஊர் முழுவதும் கேட்கும். அதனைக் கேட்டு எழும்பாத வீடு இல்லை. வெற்றுக் காலோடு எல்லோரும் கட்டுக்கு ஓடுவர். நீர் விளிம்பு வரை நின்று தளும்ப, வானிலே வெண்ணுரையாய் வழியும். எதிர்நீச்சலிட்டு ஏறும் மீன்களைச் சிறுவர் சாரத்தை விரித்துப் பிடிப்பர். காலபோகம் உறுதி, மழை இடையில் நின்றாலும் குளத்துநீர் கதிரை முற்றச் செய்யும். அந்தக் காலையின் மகிழ்ச்சிக்கு ஒப்பாக நகரத்தாரின் வாழ்வில் எதைக் கூறுவது என்று தெரியவில்லை. சம்பள நாளைக் கூறலாமோ எனின், சம்பளம் ஒருவருக்கு ஒருவராகக் கிடைப்பது. வான் ஊர் முழுவதற்கும் ஒரே வேளையிற் பாய்வது.

மாரிகாலம் ஊரைத் தனிமைப்படுத்தும் காலமுமாகும். அருவிகள் பெருகி வழிகள் மூடுண்டு கிடக்கும். உப்பும் மண்ணெண்ணெயும் முன்னதாகவே வாங்கி வைத்தவர் இல்லாதவருக்குக் கொடுப்பர். பயிர் குடலைப் பருவம் எய்தும்போது காட்டுப்பன்றி இறங்கும். சில இரவுகளில் யானையும் இறங்கும். ஆகவே வயலோரங்களிற் பரண் கட்டி ஆண்கள் இரவிரவாகக் காவல் இருப்பர். ஒரு பரணிலிருந்து மற்றொரு பரணுக்குக் குரல் கொடுப்பது உறங்காதிருத்தற்கும் அச்சம் தீர்தற்கும் உதவும். குரல் பாட்டாகும், ஒருவர் தொடங்கிய அடியை இருட்டின் மறுகரையிலிருந்து இன்னொருவர் முடிப்பர். பன்றியையும் குருவியையும் பற்றி வன்னியிற் பள்ளுகள் எழுந்தமைக்குக் காரணம் புலவரின் கற்பனையன்று. பயிரைத் தின்ன வந்த பன்றியும் குருவியுமே.

பரணிலும் திண்ணையிலும் சொல்லப்பட்ட கதைகளுள் அரியாத்தையின் கதை முதன்மை வாய்ந்தது. வேலப்பணிக்கன் என்பவன் யானை பிடிக்கும் பணிக்கர் குலத்தவன். பிறரால் அடக்க முடியாத யானையை அவன் மனைவி அரியாத்தை தான் பிடித்துக் கட்டினாள் என்பதும், அதன் பயனாக எழுந்த பொறாமையால் அவள் உயிரிழந்தாள் என்பதும் கதை. அவள் பேரிற் பாடப்பட்ட ஒப்பாரி இன்றும் வழங்குகிறது. ஆண்கள் காவலிருந்த இரவுகளில் ஆண்களே விரும்பிக் கேட்ட கதை, ஆண்களை வென்ற ஒரு பெண்ணின் கதையாக இருந்தமை சிந்தித்தற்குரியது.

இம்மாதங்களின் மறுபக்கத்தை மறைத்தலாகாது. மழையோடு நுளம்பும், நுளம்போடு காய்ச்சலும் வந்தன. மலேரியா வன்னியின் நிலையான குடி. வயிறு வீங்கிய பிள்ளைகளும், நடுங்கிக் கொண்டு பாயிற் கிடந்த தாய்மாரும் இல்லாத வீடு அரிது. ஊருக்கு ஊர் குடித்தொகை பெருகாமல் நின்றமைக்கும், வெளியூரார் வன்னி என்றால் அஞ்சியமைக்கும் இதுவே தலையாய காரணம். 1946ஆம் ஆண்டு தொடக்கம் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்ட பின்னரே இவ்வச்சம் குறைந்தது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. பண்டைக் கிராமத்தின் இன்பங்களைப் போற்றுவோர் அந்தப் பாயிற் கிடந்தவர்களையும் ஒருமுறை நினைத்தல் நன்று.

தை பிறக்கும்போது வயல் பொன்னிறம் கொள்ளும். பொங்கல் முடிந்து தைப்பூச நாளிலே புதிர் எடுப்பர். முற்றிய கதிர்களிற் சிலவற்றை அரிந்து கோயிலுக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்து, புது நெல்லரிசியிற் சமைத்து, உறவினரோடு உண்பதே புதிர். தன் வயலிற் கதிர் முற்றாதவருக்கு அயல் வயற்காரர் ஒரு பிடி கதிர் கொடுப்பார். அன்று புதிருண்ணாத வீடு ஊரில் இருத்தலாகாது என்பது வழக்கம்.

அடுத்து அரிவு வெட்டு. ஆளுக்காள் மாறி உதவும் முறையினாலேயே அது நடந்தது. இன்று இவர் வயலில் எல்லோரும். நாளை அவர் வயலில் எல்லோரும். கூலி பேசப்படுவதில்லை, வயற்காரர் வயிறார உணவளிப்பார். சிங்களக் கிராமங்களில் இதற்கு அத்தம் என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டிற் கண்டி நாட்டிலே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில், அங்குள்ள ஊரார் ஒருவர்க்கொருவர் அறுவடையில் உதவுவதையும், வயலுடையார் அவர்களுக்கு உணவளிப்பதையும் வியந்து குறித்துள்ளார்.

அரிந்த கதிர்கள் உப்பட்டிகளாகக் கிடந்து காய்ந்த பின் சூடாக அடுக்கப்படும். பின்னர் நல்ல நாள் பார்த்துச் சூடு மிதிப்பர். மண் மெழுகிச் சாணமிட்ட களத்தின் நடுவே கதிரைப் பரப்பி, மாடுகளை ஒன்றோடொன்று பிணைத்து வட்டமாக நடத்துவர். பகல் வெயிலிலும் இராநிலவே இவ்வேலைக்கு உகந்தது. பனி இறங்கும் மாசி இரவில், மாட்டின் பின்னே நடப்பவர் பாட, களத்தின் ஓரத்திலே தீ மூட்டிச் சுற்றியிருப்போர் கேட்க, வைக்கோல் மணமும் மாட்டின் மூச்சும் கலந்த அவ்விரவுகளை நினைவுகூராத முதியவர் வன்னியில் இல்லை.

களத்துக்குள் நுழைபவர் ஊரிற் பேசும் மொழியைப் படலைக்கு வெளியே விட்டுச் செல்லல் வேண்டும். அங்கே நெல்லை நெல் என்றல் கூடாது, பொலி என்பர். மாடு வாரிக்காலன் ஆகும். கதிரைக் கிளறும் கவைக்கம்பு வேலைக்காரன் எனப்படும். குறைவையும் முடிவையும் குறிக்கும் சொற்களுக்கு இடமில்லை. அளக்கும்போது முதலாவது அளவை ஒன்று என்று எண்ணாது இலாபம் என்று எண்ணுவர். பெயர் சொல்லி அழைத்தால் பூதங்கள் கேட்டு வந்து நெல்லை வாரிக்கொண்டு போய்விடும் என்று அதற்கு ஊரார் காரணம் கூறுவர். சிவில் சேவையாளராக இருந்த ஜே. பி. லூயிஸ் இக்களத்து மொழியைத் தேடித் தொகுத்தார். 1895இல் வெளிவந்த அவருடைய வன்னி மாவட்டக் கைந்நூல் இப்பகுதியைப் பற்றி அறிய விரும்புவோர் இன்றும் தவிர்க்க முடியாத நூலாகும். சிங்களவரின் களத்திலும் இத்தகைய தனிமொழி உண்டு என்பது இதனை ஆராய்ந்தோர் யாவரும் கண்ட உண்மை.

பூதம் வந்ததோ இல்லையோ, வேறு சிலர் தவறாது வந்தனர். 1892 வரை அரசாங்கம் நெல்லுக்கு வரி அறவிட்டு வந்தது. பொதுவாக விளைவிற் பத்தில் ஒன்றெனக் கொள்ளப்பட்ட அவ்வரியை, குத்தகை எடுத்தவர் பலவிடங்களில் அதற்கு மேலாகவும் பிடுங்கினர். 1893 சனவரியிலிருந்து அவ்வரி இல்லாதொழிந்தது. களத்திலே குறைவான சொற்களைப் பேசாது, பொலியின் அளவை மறைமொழியில் மூடி வைத்தமைக்குப் பூதம் மாத்திரமே காரணமோ, வரிக்குத்தகைக்காரரும் ஒரு காரணமோ என ஐயுறுதல் பிழையாகாது.

களத்திலே பொலி அளந்து முடிந்ததும் ஊர்த் தொழிலாளருக்குரிய பங்குகள் கொடுக்கப்படும். கொல்லர், தச்சர், சலவை செய்வோர், முடி திருத்துவோர், பறையறைவோர் ஆகியோர் ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு அன்றே நெல் பெறுவர். கோயிலுக்கு ஒரு பங்கு. வறியவருக்கு ஒரு பங்கு. எவரும் வெறுங்கையோடு திரும்பலாகாது என்பது களத்து நெறி. இது அழகிய வழக்கம் என்று எழுதி நிறுத்திக் கொள்வோர் பலர். ஆனால் பெறுபவன் எங்கே நின்று பெற்றான் என்று கேட்பவர் சிலரே. களத்தின் நடுவிலே நின்று வாங்கியவரும் இருந்தனர். களத்துக்கு வெளியே துணி விரித்து நின்று வாங்கியவரும் இருந்தனர். குளக்கட்டில் ஒரே மண்ணைச் சுமந்தவர்கள் கஞ்சியை ஒரே வரிசையில் இருந்து குடித்ததில்லை. அடிமை முறையை இலங்கைச் சட்டம் ஒழித்தது 1844இலேதான். அதற்கு முன்பு களத்தில் உழைத்தவருட் சிலர் களத்துக்கு உடையவரின் உடைமையாகவே இருந்தனர். அதன் பின்பும் குடிமை என்ற பெயரால் அவ்வழக்கத்தின் நிழல் நீண்டது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1957இல் வேண்டியிருந்தது என்பதே அந்நிழலின் நீளத்துக்குச் சான்று. கிராமம் ஒரு குடும்பம் போல இருந்தது என்பது உண்மை. அக்குடும்பத்தில் எல்லோரும் பிள்ளைகளாக இருக்கவில்லை என்பதும் உண்மை.

சூடு மிதித்து நெல் பட்டறைக்குள் சேர்ந்ததும் ஊருக்கு ஓய்வு பிறக்கும். பங்குனியும் சித்திரையும் கடன் தீர்க்கும் காலம், மணம் முடிக்கும் காலம். சித்திரை வருடப் பிறப்பிற் போர்த்தேங்காய் உடைத்தலும், ஊஞ்சலும், மாட்டுவண்டிச் சவாரியும் நடைபெறும். வைகாசியிலே வன்னி முழுவதும் ஒரே திசையை நோக்கும். நந்திக்கடலின் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் பொங்கல், வைகாசி விசாகத்தை அண்டிய திங்கட்கிழமையில் நிகழும். ஒரு வாரத்துக்கு முன்பே கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் வைத்து, அவ்வுப்பு நீரில் விளக்கெரிப்பர். பொங்கற் பானையை வளந்து என்பர். புது அரிசி, புதுப் பானை, தொலைவிலிருந்து வந்த வண்டில்கள், மரத்தடிகளிலே தங்கிய குடும்பங்கள், விடியும் வரை கூத்து என அவ்விரவு கழியும். சிலப்பதிகாரத்தை ஏட்டிற் படிக்காதவர்களும் கோவலன் கூத்தின் வாயிலாக அக்கதையை அடி பிறழாமல் அறிந்திருந்தனர். பாண்டியன் அவையிலே கண்ணகி வழக்குரைக்கும் இடம் வரும்போது உறங்கிக் கிடந்த பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்புவர்.

ஆனி, ஆடி மாதங்களில் உணவு காட்டிலிருந்து வரும். பாலைப்பழம் பழுக்கும் காலம் அது. பழம் ஒட்டிய உதட்டோடு திரியும் பிள்ளைகளைக் கண்டாலே மாதம் இன்னதென்று கூறலாம். தேன் எடுப்போர் குழுவாகக் காட்டுக்குட் செல்வர். கிடைத்ததைக் குழுவாகவே பங்கிடுவர். வேட்டையில் வீழ்ந்த விலங்குக்கும் பங்கு முறை உண்டு. கூரை வேய்தலும் வேலி அடைத்தலும் இப்பருவத்தின் கூட்டு வேலைகள். ஆவணியிற் குளம் முழங்காலளவுக்கு வற்றியதும், ஒரு நாளைக் குறித்து ஊரார் அனைவரும் கரப்பும் அத்தாங்குமாக இறங்கி மீன் பிடிப்பர். அதற்கு முன்பு எவரும் தனியே இறங்குதல் முறையன்று. விராலும் கெளுத்தியும் அன்று அகப்படும். 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா பின்னாளிற் குளங்களை நிறைத்தது.

இவற்றுக்கிடையே ஊரின் அறிவையும் நேர்மையையும் உண்மையிற் சோதித்த பருவம் ஒன்றுண்டு. அது சிறுபோகம். மாரியின் பின் குளத்தில் எஞ்சிய நீர் எல்லா வயலுக்கும் போதாது. அப்போது என் செய்வது? துருசுக்கு அண்மையில் உள்ளவர் விதைக்கலாம், தொலைவில் உள்ளவர் பார்த்திருக்கட்டும் என்று முடிவு செய்தல் எளிது. அண்மையில் உள்ளவருக்கு அது நீதியாகவும் தோன்றும். குளக்கிராமங்கள் அவ்வாறு செய்யவில்லை. நீர் பாயக்கூடிய நிலத்தை மட்டும் எடுத்து, அது யாருடையதாயினும் ஆகுக, அவ்வாண்டுக்கு அதனை எல்லாப் பங்குக்காரருக்கும் அவரவர் பங்குக்கேற்பப் பிரித்துக் கொடுத்தனர். சிங்கள ஊர்களில் இது பெத்ம எனப்படும். தன் நிலத்தில் அயலவன் உழுவதை ஒருவன் பார்த்துக் கொண்டிருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு நீர் பெருகினால் நிலம் அவனிடமே திரும்பும். தனியுடைமை என்பதைச் சட்டப் புத்தகத்திற் கற்றவருக்கு இவ்வேற்பாடு விளங்குவது கடினம்.

இருபதாம் நூற்றாண்டில் வன்னி விரைந்து மாறியது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளவேலை கிளிநொச்சிக்கு உயிர் தந்தது. 1950களிலும் 1960களிலும் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலியன திருத்தப்பட்டுப் புதிய குடியேற்றங்கள் தோன்றின. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வாரக்குடிகளுக்குப் பாதுகாப்பளித்து, பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. பழைய விதானைமாரின் காலம் அதனோடு முடிந்தது. அதே ஆண்டில் வெளிவந்த எச்-4 என்னும் நெல்லினம் விளைவைப் பெருக்கியது. உழவு இயந்திரம் வந்தது. மாடுகள் களத்தை விட்டு நீங்கின. கைமாற்று வேலை கூலி வேலையாயிற்று. கூலி கேட்கும் உரிமை, களத்துக்கு வெளியே நின்றவனுக்குப் பெரிய விடுதலையாகவும் அமைந்தது என்பதை மறுத்தல் இயலாது.

பின்னர் வந்தது போர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. மாரியில் வான் பாய்ந்த குளங்களைப் பார்க்கக் கட்டின் மேல் ஆளில்லை. உயிரோடு எஞ்சியவர்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவற்றுட் பெரியதான மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் கண்டது காடு மூடிய வயலையும், கூரையற்ற சுவரையும், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளையும். குடும்பங்கள் பலவற்றிற் கமம் செய்த ஆண் இல்லை. பங்கு யாருடையது என்பதற்கு உறுதி இல்லை, எல்லைக்கல் இல்லை, சாட்சி சொல்ல முதியவர் இல்லை. அந்நிலையில் பெண்கள் பலர் கமக்காரர் அமைப்புகளிலே தம் பெயரைப் பதிந்து, கணவன் பெயரிலும் தந்தை பெயரிலும் இருந்த பங்குகளைக் கேட்டு நின்றனர்.

இன்று அறுவடையை இயந்திரம் செய்கிறது. காலையில் வயலில் நின்ற கதிர் பிற்பகலில் மூடைகளாய் வீதியோரத்தில் நிற்கும். களம் இல்லை, ஆதலாற் களத்து மொழியும் முதியோர் சிலரின் நாவில் மாத்திரமே எஞ்சியுள்ளது. வற்றாப்பளைத் திங்கட்கிழமைக்குப் பேருந்துகளில் மக்கள் திரள்கின்றனர். கடல் நீரில் விளக்கு எரிகிறது. இரணைமடுவின் கீழே சிறுபோகத்துக்கு முன்னர்க் கமக்காரர் கூட்டம் கூடுகிறது. குளத்தில் எத்தனை அடி நீர் உண்டென்று பொறியியலாளர் அறிவிப்பார். அந்த நீருக்கு எத்தனை ஏக்கர், அந்த ஏக்கரில் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு உடனே எழும். சென்ற ஆண்டு குறைத்துக் கொடுத்தீர்கள் என்று ஒருவர் எழும்புவார். வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்களையும் நினையுங்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுப்பார். பங்கு விபரம் பதிவேட்டில் ஏறிய பின்னரே கூட்டம் கலையும்.